இரண்டு வெள்ளைக் கோடுகள்

ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. கரன்ட் போய், ஜெனரேட்டர் உறுமியது. பேனலில் பழைய மீட்டர் ஒன்று; வரிசையாக வெள்ளைப் பற்கள். ‘50’ என்று போட்ட பல் மட்டும் படபடவென ஆடியது.

‘‘அது ஆடுனாச் சரிங்க. பக்கத்துப் பல்லு ஆடுச்சுன்னா மோட்டார் வேகம் மாறிப்போச்சுன்னு அர்த்தம்’’ என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

இந்தப் பல்லின் சொந்தக்காரன் ஒருகாலத்தில் விமானிக்கே வழி சொன்னான், தெரியுமோ?

1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானிகள் சிலர் ஹெட்போனில் ரேடியோ சங்கேதம் கேட்டுத் திசை அறிந்தார்கள். மழை, மின்னல் என்றால் காதில் ஒரே கரகரப்பு. தப்பாகக் கேட்டால் மலையில் மோத வேண்டியதுதான். அங்கே பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் ஆட்கள் யோசித்தார்கள்: காதுக்குப் பதில் கண்ணை நம்பினால்?

தரையிலிருந்து இரண்டு அலைவரிசைக் கற்றைகள். ஒன்றில் 65 அதிர்வு, இன்னொன்றில் சுமார் 87. காக்பிட்டில் இரண்டு எஃகு நாக்குகள். தனக்கான அதிர்வுக்குத்தான் ஒவ்வொன்றும் ஆடும். கரகரப்பைச் சட்டை செய்யாது. ஆடும்போது வெள்ளை நுனி கோடாகத் தெரியும். இரண்டு கோடும் சமமா? பாதை சரி. ஒன்று நீண்டதா? அந்தப் பக்கம் விலகிவிட்டாய். சிக்னல் மங்கினால் இரண்டும் சேர்ந்தே குறுகும், சமம் மாறாது. அதுதான் சாமர்த்தியம்!

1929 செப்டம்பர் 24-ல் ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டில், வெளியே எதையும் பார்க்காமல் கிளம்பி, பறந்து, இறங்கினார். அவருக்கு வழிகாட்டிய கருவிகளில் இந்த நாக்குகளும் உண்டு. இன்றைக்கும் விமானத்தை ஓடுபாதைக்குக் கூட்டி வரும் ஐ.எல்.எஸ். கருவி 90, 150 என இரண்டு அதிர்வுகளைத்தான் ஒப்பிடுகிறது.

‘எவ்வளவு?’ என்று கேட்டால் களைத்த மனுஷன் தடுமாறுவான். ‘சமமா?’ என்றால் ஒரு பார்வை போதும்.

அண்ணனும் மீட்டரில் எண்ணைப் படிக்கவில்லை. ஆடும் பல்லை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.