ஓசூரில் ஒரு விமான விபத்து!

ஓசூருக்குப் போகிறவர்கள் ரோஜாப்பூ வாங்கி வருவார்கள். நான் வாங்கி வந்தது அக்காவிடம் திட்டு.

அத்தானுக்கு சிப்காட்டில் வேலை. பரண் மேல் பழைய ரிமோட் விமானம் ஒன்று வைத்திருந்தார். ஒன்றரை கிலோ தேறும். முழ நீள ஏரியல் வைத்த ரிமோட்டில் '27 மெகாஹெர்ட்ஸ்' என்று ஸ்டிக்கர். "பறக்க விடலாம் மாமா" என்றான் அக்கா பையன். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ஏற்ற இறக்கம் ஷேர் மார்க்கெட்! ஆனாலும் கிளம்பினேன்.

பேளகொண்டப்பள்ளிப் பக்கம் மூச்சு விடாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டார் அத்தான். அங்கே தனேஜா கம்பெனியின் நிஜ ரன்வே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் வந்தபிறகு வானத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மேப் உண்டு. பச்சையில் இடம் பார்த்து, தொழிற்சாலை ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு பொட்டலுக்குப் போனோம்.

மூன்று ரவுண்டு பிரமாதம். நாலாவதில் ஷெட் பக்கம் திரும்பியதும் விமானத்துக்குக் குளிர் ஜுரம். அத்தான் வலது பக்கம் தள்ளினால் அது இடது பக்கம் போனது. ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். யார், எங்கே ஓடுவது? நடுவயது அம்மா ஒருவரின் டிபன் கேரியருக்கு ஆறடி தள்ளி, சடார்!

அந்தம்மா உடைந்த இறக்கையை எடுத்து வந்து நீட்டினார். "தலையில விழுந்திருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை.

ஷெட்டின் எலெக்ட்ரீஷியன்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். உள்ளே ரெக்ஸினை ஒட்டுகிற மெஷின் ஓடுகிறதாம். ஊசி நூல் கிடையாது, ரேடியோ அலையே சூடாக்கி ஒட்டிவிடும். "எங்க மெஷினும் அதே 27தாங்க!"

விசாரித்தால், நிஜம். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் பூராவும் தொழிற்சாலை மெஷின்களுக்கு ஒதுக்கிய இடம். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாத சின்ன ரிமோட்டுகளுக்கும் அதே திண்ணைதான். மெஷின் கிலோவாட் கணக்கில் கத்தும். ரிமோட் ஒரு வாட்டைத் தாண்டினால் அதிசயம். திருவிழா மைக் செட்டுக்குப் பக்கத்தில் ரகசியம் பேசுகிற கதை! (அத்தான் இன்னமும் பேட்டரி மேல்தான் பழி போடுகிறார்.)

பழைய செட்டில் இன்னொரு வம்பும் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் பறக்கிற விமானம் பணால். அதனால் மைதானங்களில் போர்டு வைத்து நம்பர் போட்ட கிளிப் மாட்டியிருப்பார்களாம். கிளிப் கையில் இருப்பவர்தான் ரிமோட்டைத் தொடலாம். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. 2005-ல் நம் நாட்டில் அதற்கும் லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனது. ரிசீவர் தன் ரிமோட் பேச்சை மட்டும்தான் கேட்கும். கட்டின பெண்டாட்டி மாதிரி என்றார் அத்தான். அக்கா முறைத்தாள்.

மறுநாள் அதே டீக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தம்மா முதலில் நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்த்தார். அப்புறம்தான் டீயைக் கையில் வாங்கினார்.