பார்வதிப் படிகள்

புணேயில் குடியேறிய நாள் முதலாகப் பார்வதிக் குன்றின் 103 படிகளே எங்கள் குடும்பத்தின் உடல்நலத்துக்கு அளவுகோல். 1749-ஆம் ஆண்டில் பேஷ்வா நானாசாகேப் எழுப்பிய கோயிலுக்கு வாரந்தோறும் ஏறுவோம். ஒருநாள் எங்கள் தமக்கையார் பாதி வழியிலேயே அமர்ந்துவிட்டார். அவருக்கு அகவை 52.

"மூட்டையே மாற்றிவிடலாமே" என்றனர் உறவினர். மருத்துவரோ, நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தைக் காட்டி வேறு வழி கூறினார். கால் வில்லாக வளைந்திருந்தமையால் உடற்சுமை முழங்காலின் உட்புறத்திலேயே மிகுதியாக விழுந்து, அங்குள்ள குருத்தெலும்பைத் தேய்த்திருந்தது, வெளிப்புறம் தேயவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை அறுத்து, ஆப்பு வடிவில் சற்றே விரித்து, தகடும் திருகாணியும் பொருத்தினால் சுமை நல்ல பக்கத்துக்கு நகரும். இங்கிலாந்தில் ஜாக்சன் முதலியோர் 1961-லும், அமெரிக்காவில் கவென்ட்ரி 1965-லும் எழுதி விளக்கிய எலும்பறுவை முறையின் ஒரு வகை இது. நோயை அடியோடு நீக்காது. செயற்கை மூட்டின் தேவையைப் பல்லாண்டுகள் தள்ளிப்போடக்கூடும்.

நோயற்ற எலும்பை அறுப்பதா என்று நாங்கள் கலங்கினோம். தமக்கையார் கலங்கவில்லை. "வாசலில் குனிந்து கோலம் போட வேண்டும் எனக்கு; என் மூட்டு என்னிடமே இருக்கட்டும்" என்றார்.

அவர் ஊன்றுகோலுடன் கழித்த வாரங்களில், அண்டை வீட்டு மராத்திய மூதாட்டியார் நாள்தோறும் எங்கள் வாசலில் ரங்கோலி இட்டார். எலும்பும் கூடிற்று. அண்மையில் மீண்டும் பார்வதி ஏறினோம். நடுவே இருமுறை அமர்ந்தோம். சுமையை நல்ல பக்கம் ஏற்றுக்கொண்டது காலில் மட்டுமன்று என்பதை அப்போது உணர்ந்தோம்.