பார்த்துக்கொள்ளுதல்

நோயாளியைப் "பார்த்துக்கொள்ளுதல்" என்று நாள்தோறும் சொல்லுகிறோம். கஞ்சி ஊட்டுதல், உடல் துடைத்தல், மருந்து கொடுத்தல், இரவெல்லாம் விழித்திருத்தல் ஆகிய இத்தனை வேலைக்கும் நம் மொழி தேர்ந்தெடுத்த சொல் கண்ணைச் சேர்ந்தது. ஆயினும் பிழைக்கமாட்டாத நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரித்தவர் யாவரும் ஒன்றை அறிவர். வேலை பெருகப் பெருகப் பார்வை குறைந்துவிடுகிறது. மாத்திரை வேளையும், நனைந்த துணியும், ஆறிப்போன கஞ்சியுமே கண்ணுக்குத் தெரிகின்றன. படுத்திருக்கும் மனிதர் தெரிவதில்லை. அது அன்பின் குறைவன்று. களைப்பும் அச்சமும் சேர்ந்து போட்ட திரை. அத்திரையை விலக்க ஒரு பென்சிலும் ஒரு தாளும் உதவக்கூடும் என்று சொல்லவே இதனை எழுதுகிறோம்.

தீரும் நோயாயின் பராமரிப்போருக்கு ஒரு கூலி உண்டு. இன்று எழுந்து உட்கார்ந்தார், நாளை நடந்தார் என்று மனம் கணக்கிட்டு மகிழும். தீராத நோயில் அக்கூலி இல்லை. நம்மைப் போன்ற தோட்டக் கிராணிமார் மாத முடிவில் செக்ரோலைக் கூட்டிச் சரிபார்த்து, அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோம். சாகக் கிடப்பவரின் அருகே இருக்கும் பெண்ணுக்கு அக்கோடு கிடையாது. பெண் என்று சொல்லுவதற்குக் காரணமுண்டு. மகளோ, மருமகளோ, மனைவியோ, அவ்வேலை பெண்ணுக்கே உரியதென்று நம் சமூகம் கேளாமலே தீர்ப்பளித்திருக்கிறது.

துயரத்தைக் கலையாக்கத் தெரியாதவர்களல்லர் நம் பெண்கள். எழுத்தறியாத மூதாட்டியும் ஒப்பாரி கட்டுவாள். இறந்தவரின் குணத்தையும் தன் குறையையும் அந்த நேரத்திலேயே பாட்டாக்குவாள். ஆனால் அந்த உரிமை உயிர் பிரிந்த பின்னரே கிடைக்கிறது. அதற்கு முந்திய ஐந்து மாதமோ ஓராண்டோ அவள் வாய் திறக்கலாகாது. அழுதால் அபசகுனம் என்று அடக்கிவிடுவார்கள்.

நம் தாயார் புற்றுநோயால் ஐந்து மாதம் நம் வீட்டிலேயே படுத்திருந்தார். பகலில் தமக்கையாரும் இரவில் நாமும் முறைவைத்துப் பார்த்தோம். மூன்றாம் மாதத்தில் தமக்கையார், அலுவலகத்தில் கழித்த தாள்களின் வெறும் பக்கத்தில் தாயாரின் கைகளை எழுதத் தொடங்கினார். பள்ளியை விட்டபின் படம் எழுதியறியாதவர். முதற்படத்தில் விரல்கள் வெண்டைக்காய்போல் இருந்தன. இருவரும் அதைக் கண்டு சிரித்தனர். அயல் வீட்டாரோ, "தாய் சாகக் கிடக்கிறாள், மகள் படம் எழுதுகிறாளே!" என்று பேசினர். தமக்கையார் நிறுத்தவில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இடக்கைப் பெருவிரலில் ஒரு பழைய தழும்பைக் கண்டு, இது ஏதம்மா என்று கேட்டார். நாற்பது ஆண்டு நம் கண்முன் இருந்த கை. அத்தழும்பை எவரும் கேட்டதில்லை. ரப்பர் மரம் சீவிய காலத்தில், விடியுமுன் இருட்டில் கத்தி தவறிவிட்டதாம். சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அன்றைய மரங்களை முடித்தாராம். செக்ரோலில் அது வெறும் ஒரு நாள் பேர். அன்று தொடங்கிய பேச்சு தாயாருக்குக் குரல் இருந்தவரை நிற்கவில்லை. தமக்கையாரும் அதன்பின் அவ்வறைக்குள் அஞ்சாமல் சென்றார்.

ஸ்விட்சர்லாந்து ஓவியர் பெர்டினண்ட் ஹோட்லர் (1853–1918) இதனையே பேரளவில் செய்தவர். இளமையிலேயே பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய காதலி வாலன்டீன் கொதே-தாரெல் புற்றுநோயுற்று 1915 ஜனவரி 25இல் இறக்கும்வரை, படுக்கையருகே அமர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எழுதினார். முதற்படங்களில் அவ்வம்மையார் தலையணையில் சாய்ந்து நம்மை நோக்குகிறார். வாரங்கள் செல்லச் செல்லத் தலை சரிகிறது. கடைசியில் கிடந்த உடல் ஒரே நெடுங்கோடாகிறது. பார்க்க அஞ்சும் ஒன்றை அவர் ஒரு நாளும் பாராமல் விட்டதில்லை.

இது கல்நெஞ்சம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1879இல் இறந்த மனைவி கமீய்யின் முகத்தை எழுதினார். அப்போது தம் கண் தன்னையறியாமல் அம்முகத்தில் மாறும் நிறங்களை அளந்துகொண்டிருந்ததைப் பிற்காலத்தில் நண்பர் கிளெமான்சோவிடம் கலக்கத்தோடு கூறினார். கலக்கம் நியாயமே. ஆனால் அன்பில்லாதவன் அம்முகத்தை அவ்வளவு நேரம் நோக்கியிருக்கமாட்டான்.

ஆராய்ச்சியும் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் தம் விருப்பம்போல் படமோ உருவமோ செய்தனர். மனவழுத்தத்தில் பெருகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் அவர்களுள் ஏறக்குறைய முக்காற்பங்கினருக்குக் குறைந்திருந்தது; முன்பயிற்சி உண்டா இல்லையா என்பது வேறுபாடு செய்யவில்லை. ஹாங்காங்கில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் 132 பணியாளரிடையே நடந்து 2014இல் வெளிவந்த ஆய்விலும், ஓவிய வழிப் பயிற்சி பெற்றோருக்குச் சோர்வும் மரண அச்சமும் தணிந்தன. சிறிய ஆய்வுகளே, பென்சில் மருந்தாகுமென்று நாம் சொல்லவில்லை. வலிக்கு மருத்துவரே வேண்டும். கோலாலம்பூரில் 1991இல் ஹாஸ்பிஸ் மலேசியா தோன்றியபின் வீடு தேடிவரும் தாதியர் சேவை வளர்ந்திருப்பினும், உள்ளடங்கிய தோட்டத்து வீட்டில் அந்த நீண்ட பிற்பகல்களை ஒரு பெண் தனியே கழிக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது, ஆரஞ்சுப் பழத்தோடும் மைலோ டின்னோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொண்டுசெல்லுங்கள். அவற்றை நோயாளியிடம் அன்று, பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஆண்களும் ஒரு மணி நேரம் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் படம் எழுதட்டும், பூ தைக்கட்டும், பாட்டுக் கட்டட்டும். அல்லது சும்மா அமர்ந்து தம் அன்புக்குரியவரின் முகத்தைப் பார்க்கட்டும்.