கடிதம் ஐந்தாவது மாதத்தில் வருகிறது

ஒரு வழக்கை வைத்துப் பாடம் நடத்தும்போது கதையை எங்கே நிறுத்துகிறோமோ, அதைப் பொறுத்தே மாணவர்கள் யாரை விசாரிக்கிறார்கள் என்பது அமையும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தைக் கற்பிக்க நான் எழுதிக்கொண்ட வழக்கு ஒரு ஜவுளிக்கடையில் நடக்கிறது. 40 பேர் வேலை பார்க்கும் கடை. குடோனில் மேற்பார்வையாளர் ஒரு விற்பனைப் பெண்ணின் கையைப் பிடிக்கிறார். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் அந்தப் பெயரில் ஒருத்தி வகுப்பில் இருப்பாள். ஐந்தாவது மாதத்தில் அவள் புகார்க் கடிதம் கொடுக்கிறாள். வழக்கு அங்கேயே நிற்கிறது.

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அந்த ஒரு மணி நேரமும் அவள் உடுப்பு, அவள் சிரிப்பு என்றே போய்விடும். நீங்கள்தான் உள்ளகப் புகார்க் குழு, கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது என்கிறேன். உடனே சட்டத்தைப் புரட்டியாக வேண்டும். புகார் தர 3 மாதம். அதற்குள் தர முடியாத சூழ்நிலை இருந்தால், குழு காரணத்தை எழுதிவைத்து இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள்?" என்று தொடங்கியவர்கள் இப்போது அந்தக் காரணத்தை அவர்களே எழுத வேண்டும். சம்பளம், வீட்டு வாடகை, படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். பெண்களுக்கு இதை எழுத அதிக நேரம் பிடிப்பதில்லை.

இந்தச் சட்டமே ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து கிளம்பியதுதான். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி 1992-இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய் 1997-இல் விசாகா தீர்ப்பைப் பெற்றன. அவருடைய சொந்த வழக்கிலோ, விசாரணை நீதிமன்றம் 1995-லேயே குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்திருந்தது. இதை வகுப்பின் கடைசியில்தான் சொல்வேன்.

நேர்வகுப்பில் ஐந்தைந்து பேராக உட்காருவார்கள். குழுத் தலைவர் பெண்தான், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். எப்போதும் முந்திக்கொண்டு பேசும் பையன் அன்றைக்குக் குறிப்பெடுப்பான்.

இணைய வகுப்பில் இது நடக்காது. பலர் வீட்டுக்கூடத்தில், தம்பியோடு பங்கிட்டுக்கொள்ளும் செல்பேசியில் கேட்கிறார்கள். மைக்கைத் திறந்து "பாலியல்" என்றால் அடுப்படி வரை கேட்கும். அதனால் வழக்கை மூன்று துண்டாக்கி, இரண்டு நாளுக்கு ஒன்றாக அனுப்புகிறேன்: கடிதம், மேற்பார்வையாளரின் பதில், பின்வாங்கும் சாட்சி. பதிலை எழுதி எனக்கு மட்டும் அனுப்பினால் போதும். பெயரில்லாமல் தொகுத்து எல்லோருக்கும் காட்டுவேன்.

அப்படி வந்த ஒரு பதிலின் அடியில் ஒரு வரி: "மிஸ், எங்க கடையில ஏழு பேர்தான்."

வழக்கில் 40 என்பதை அழித்து 7 என்று போட்டேன். 10 பேருக்குக் குறைந்த இடத்தில் உள்ளகக் குழு கிடையாது. மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, கடிதத்தை யார் கையில் கொடுப்பது என்று விசாரித்து வருவதுதான் இந்த வாரப் பயிற்சி.