பெயர் எழுதாத கட்டம்

ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. 2024 டிசம்பர். திண்டிவனத்தில் கல்லூரி திறந்த அன்று, கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து வரும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒரு பிளாஸ்டிக் பையோடு துறைக்கு வந்தாள். உள்ளே கூழாகிப்போன காகிதங்கள்.

"மேம், இதுல அம்மாவோட பர்த் சர்டிஃபிகேட் எதுன்னே தெரியல."

"அப்பா எங்கம்மா பொறந்தார்? அவர் பேப்பர் இருக்கா?" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பெண்ணியம் பாடம் நடத்துகிறவளுக்கும் வாயில் முதலில் வந்தது அப்பாதான்.

"அப்பா திருகோணமலை. அவர் எங்களை விட்டுட்டுப் போயி ஆறு வருஷம் ஆச்சு. அம்மா பேப்பர் இருந்தாத்தான் மேம் நான் இந்தியா."

சட்டத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அதன் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவர் என்றால் தாய், தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகளாகவோ குடிமகனாகவோ இருக்க வேண்டும். அவள் அம்மா 1985இல் மண்டபத்தில் பிறந்தவர். அவள் பிறந்தது 2004 ஆகஸ்டில். நாலு மாதம் தள்ளிப் பிறந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் நிலை குறுக்கே நின்றிருக்கும்.

இது வெறும் நப்பாசை அல்ல. 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

அந்தக் குடும்பத்துக்கு இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. பாட்டி மலையகத்துக்காரர். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தான், தகப்பனைப் பெற்றவன் எங்கே பிறந்தான் என்றே கேட்டது. தாய் அங்கேயே பிறந்தவள் என்பது செல்லாக்காசு. இந்தியா மட்டும் என்ன? வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகக் குடியுரிமை கிடைக்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருந்தார்கள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "குடும்பத் தலைவர் எங்க? அவர் வந்து கையெழுத்துப் போடணும்." முகாம் அட்டை ஓடிப்போனவர் பெயரில்தான் இருந்தது. அவர் பெயருக்குக் கீழே மனைவி, மகள். இருவருக்கும் நேரே 'இலங்கை' என்று எழுதியிருந்தது. மகள் இலங்கையைப் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை.

"நான் தலைவர் இல்லையா டீச்சர்?" என்று பேருந்தில் அம்மா கேட்டார். கட்டட வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைப்பவர்.

பிறகு ராமநாதபுரம் பக்கம் மூன்று முறை அலைந்தார்கள். பழைய பதிவேட்டில் தேட நாள் சொல்ல வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், தகப்பன் பெயர் சொல்ல வேண்டும். மார்ச்சில் நகல் கிடைத்தது. தேதி சரி. தகப்பன் பெயர், தாய் பெயர் சரி. பாலினம்: பெண். குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள். பிறகு போய்ச் சேர்க்க வேண்டும். முகாமுக்கு முகாம் மாறிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ப்பது?

அந்தப் பெண் குழந்தை இவர்தான் என்று இப்போது காட்ட வேண்டும். பள்ளிச் சான்று ஒன்று இருக்கிறது. தாத்தாவின் பழைய முகாம் அட்டையில் இவர் பெயரும் வயதும் இருக்கின்றன. வழக்கறிஞர் ஒருவர் பேசுகிறார்.

நகலை லேமினேட் செய்யக் கடைக்குக் கிளம்பியவளை நிறுத்தினேன். சில இடங்களில் அதை வாங்க மாட்டார்கள். ஐந்து பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று என் பீரோவில் இருக்கிறது.