பெட்டி வராத முதல் நாள்

கன்வேயர் பெல்ட் நின்றுவிட்டது. எங்கள் சுற்றுலாக் குழுவில் 26 பேர். 25 பேர் பெட்டியோடு நின்றார்கள். அம்மா மட்டும் கைப்பையோடு நின்றார்.

இஸ்தான்புல் விமான நிலையத்தில் அப்போது காலை மணி ஏழு. நவம்பர் மாதக் குளிர். வழியில் விமானம் மாற எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்தான். நாங்கள் ஓடிப்போய் ஏறிவிட்டோம். சிவப்பு ரிப்பன் கட்டிய அம்மாவின் நீலப் பெட்டி ஏறவில்லை.

உடுப்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மாவின் இனிப்பு நீர் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள்தான் இருந்தன. “கைப்பை கனமா இருக்கும்மா, மாத்திரையைப் பெரிய பெட்டியில வச்சிடுங்க” என்று சொன்னது நான்தான்.

புகார் முகப்பில் பெட்டியின் நிறம், ஒட்டுச்சீட்டு எண், தங்கும் விடுதியின் முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணை வாங்க நாற்பது நிமிடமானது. மற்றவர்கள் பேருந்தில் காத்திருந்தார்கள். “நான் வராமலே இருந்திருக்கலாம். என்னால எல்லாருக்கும் தொல்லை” என்றார் அம்மா. அப்பா போன பிறகு வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர். இந்தப் பயணத்துக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

பேருந்தில் ஏறும்போது கடுகடுத்த முகங்களை எதிர்பார்த்தேன். தைப்பிங்கிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தாதி ஆன்ட்டி, “என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கோ, “வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்பதுதான் கணக்கு.

மலேசியாவில் அப்போது மதியம். தம்பியை அழைத்தேன். அம்மாவின் கிளினிக் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினான். “மெட்ஃபார்மின், அம்லோடிப்பின்” என்று படித்தார் ஆன்ட்டி. “கடைக்குக் கடை பெட்டியில பேரு மாறும். மருந்தோட பேரு எந்த ஊர்லயும் இதுதான்” என்றார். துருக்கியில் மருந்தகங்களுக்குச் சிவப்பு ‘ஈ’ எழுத்துதான் அடையாளம். வழிகாட்டி அப்படி ஒரு கடையில் பேருந்தை நிறுத்தினார். படத்தைப் பார்த்த மருந்தாளர், அளவைச் சரிபார்த்து மாத்திரை எடுத்துத் தந்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதல் நிறுத்தம் பழைய குதிரைப் பந்தயத் திடல், நீலப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். அம்மாவின் தோளில் யாரோ ஒருவரின் கம்பளிச் சட்டை, தலையில் இன்னொருவரின் சால்வை. அங்கே நிற்கும் எகிப்தியக் கல்தூணைக் காட்டி வழிகாட்டி கதை சொன்னார். மூன்றாம் துத்மோஸ் மன்னன் நாட்டிய தூண் அது. நான்காம் நூற்றாண்டில் ரோமானியர்கள் அதைப் பெயர்த்து அலெக்சாண்டிரியா துறைமுகம் வரை கொண்டுவந்தார்கள். அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. கி.பி. 390இல்தான் பேரரசர் தியோடோசியஸ் அதை இங்கே நிறுத்தினார். அதுவும் மேல்பகுதி மட்டும்தான்; அடிப்பகுதி உடைந்துபோனது.

கிள்ளான் அங்கிள் ஒருவர் அம்மாவைப் பார்த்து, “கேட்டீங்களாக்கா? இதுக்கும் லக்கேஜ் லேட்டு, வந்தப்ப பாதிதான் இருந்திருக்கு” என்றார். விமானம் இறங்கியதிலிருந்து அம்மா சிரித்தது அப்போதுதான்.

உங்களுக்கும் இப்படி நடக்கலாம். புகார் எண் வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியேறாதீர்கள். அவசரமாக வாங்கும் பொருள்களின் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். 1999 மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்க, அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். சேதமென்றால் 7 நாளுக்குள். மாத்திரைகள் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். அவற்றின் பெயரும் அளவும் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு பெட்டி தொலைய வேண்டியிருந்தது.

பெட்டி மூன்றாம் நாள் விடுதிக்கு வந்து சேர்ந்தது, ரிப்பன் இல்லாமல். ஆனால் முதல் நாள் இரவே, இரவல் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே அம்மா கேட்டார்:

“நாளைக்கு எத்தன மணிக்குடி பஸ்ஸு?”