காதுக்கு எட்டாத வினாத்தாள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. மாடிப்படியை ஒட்டிய சிறிய அறைக்குள் சிறப்பாசிரியர் என்னை அழைத்துப் போனார். மேசைமேல் பிரெயில் சிலேட்டு, கணக்குப் போட டெய்லர் பலகை, பழைய மடிக்கணினி ஒன்று. பக்கத்தில் அவரே செய்த மாவட்ட வரைபடம். மலைக்கு மரத்தூள், ஆற்றுக்குத் தடித்த நூல், கரை நெடுகக் கடல் மணல்.

"மக்களே, கோதையாறு எங்கன போகுதுன்னு சாருக்குக் காட்டு."

பார்வையற்ற அந்த ஏழாம் வகுப்பு மாணவி பேச்சிப்பாறையில் விரலை வைத்தாள். மூவாற்றுமுகத்தில் இன்னொரு நூல் வந்து சேர்ந்தது. "இது பறளியாறு" என்றாள். குழித்துறையைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் மணல் விரலில் பட்டதும், "கடல் வந்தாச்சு." பளபளக்கும் தாளில் அச்சிட்ட எந்த வரைபடமும் அவளுக்கு இதைச் சொல்லித் தந்திருக்காது.

பிறகு சிலேட்டை எடுத்தாள். பிரெயிலை வலமிருந்து இடமாகக் குத்தி எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஆறு புள்ளிகள், 63 வடிவங்கள், அதற்குள் தமிழ் முழுதும் அடங்கிவிடுகிறது. 'கொ' எழுத நாம் முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடுகிறோம். அவளோ 'க' குத்தி, அடுத்து 'ஒ' குத்துகிறாள். ஆனால் பிரெயிலில் ஒரே பாடநூல் பல பாகங்களாகப் பெருத்துவிடும். பையில் சுமக்க முடியாது. அதனால்தான் மடிக்கணினி.

அதில் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இலவசம், தமிழும் வாசிக்கும். ஆசிரியர் ஒரு மாதிரி வினாத்தாளைத் திறந்து, தலைப்பில் எழுத்தெழுத்தாக நகர்த்தினார்.

"ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

"டீச்சர், இது இங்கிலீஷ் பரிச்சையா?" என்று கேட்டாள் மாணவி.

திரையில் என் கண்ணுக்குத் தெரிந்தது 'தமிழ்' என்ற சொல். தட்டச்சு செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். மேலே தமிழ் வடிவம், கணினிக்குள்ளே ஆங்கில எழுத்து. ஆசிரியர் அதை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினார். முதல் கேள்வியை மடிக்கணினி தெளிவாக வாசித்தது. ஸ்கேன் செய்த பக்கமென்றால் இதுவும் நடக்காது. கணினிக்கு அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக்கிப் பிழை திருத்த வேண்டும், இல்லையென்றால் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து தரவேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 2012-ன் பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் வாசிக்கும் வடிவுக்கு நூல்களை மாற்ற அனுமதி தருகிறது. இதே நோக்கம் கொண்ட 2013-ன் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்தது இந்தியா. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 18 வயதுவரை பாடநூலையும் துணைக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-ல். இத்தனைக்குப் பிறகும் வினாத்தாள் பாமினியில் வருகிறது என்றால், அது வசதிக்குறைவு அல்ல, அக்கறைக்குறைவு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள் கிடைக்கும், கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். வருடம் முழுக்கப் படிக்க வழியில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எதற்கு உதவும்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் வினாத்தாளும் குறிப்பேடும் தட்டச்சு செய்பவர்களே, அவற்றைக் கொடுத்து அடிக்கச் சொல்லும் ஆசிரியர்களே, இனிமேல் ஒருங்குறியில் அடியுங்கள். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். அச்சுப்படியோடு அந்தக் கோப்பையும் பள்ளிக்குக் கொடுங்கள்.